இரண்டு செவ்வாய்க்கிழமைகள்: சாங்கியிலிருந்து நுவார்க் வரை

முதல் நாள், சனி. திருச்சி – சிங்கப்பூர்

அக்காவுக்கு டிக்கெட்டைப் படித்துக் காட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. "திருச்சி காலை 10.30, சிங்கப்பூர் மாலை 5.15" என்றேன்.

"ஆறே முக்கால் மணி நேரமாடா? பக்கத்துலதான்னு சொன்னே."

பறப்பது நாலேகால் மணி நேரம்தான், மிச்சம் இரண்டரை மணி அந்த ஊர்க் கடிகாரம் நம்மை முந்தி ஓடுவது என்றேன். அக்கா நம்பவில்லை. அவளுக்கு எழுபத்தொன்று வயது. வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் கடிகாரமும் கூடவே வரும் என்ற உலகத்தில் வாழ்ந்தவள். நானும் அப்படித்தான். பொன்மலைப் பணிமனையிலும் பிறகு டிவிஷன் ஆபீஸிலுமாக முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்தவன். எனக்குத் தூரம் என்றால் கிலோமீட்டர் கல், நேரம் என்றால் டைம்டேபிள்.

போகிற இடம் நியூஜெர்சியில் எடிசன், மகன் வீடு; இறங்குவது நுவார்க் விமான நிலையத்தில். மனைவி மருமகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் முன்னாலேயே போய்விட்டாள். திருச்சியிலிருந்து அமெரிக்காவுக்குச் சிங்கப்பூர் வழியாகப் போவது, ஸ்ரீரங்கத்துக்குத் தஞ்சாவூர் வழியாகப் போவது மாதிரி. உருண்டையில் அளந்தால் திருச்சியிலிருந்து நுவார்க் சுமார் 13,650 கி.மீ.; சிங்கப்பூர் போய்ச் சுற்றினால் 18,300. ஆனால் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அக்காவின் முழங்காலுக்கு நடுவில் இரண்டு நாள் ஓய்வு வேண்டும். அதற்கப்புறம் இறங்கி ஏறாமல் ஒரே விமானம். மகனும் மகளும் பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்கள்.

புது முனையம் நன்றாக இருக்கிறது, கோபுர வண்ணமெல்லாம் சுவரில் இருக்கிறது. விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. ஆனால் சிங்கப்பூரில் முப்பது நிமிஷத் தாமதத்தோடு இறங்கிவிட்டது. பைலட் வேகமாக ஓட்டினான் என்று முன் வரிசைக்காரர் சிலாகித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரயில்வேயில் இதற்கு ரெக்கவரி டைம் என்று பேர். கடைசிப் பிரிவில் தேவைக்கு மேல் பதினைந்து இருபது நிமிஷம் சேர்த்து வைத்திருப்போம். வண்டி தாமதமாக வந்தாலும் எழும்பூரில் நேரத்துக்கு நுழைந்ததாகக் கணக்கு எழுதலாம். இங்கேயும் அதே கைவேலைதான். டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. கேட்டை விட்டுப் பின்னால் நகர்வதிலிருந்து அடுத்த ஊர்க் கேட்டில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் நிற்பது, கொஞ்சம் தாராளம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

மாப்பிள்ளை காரில் வைத்தே என் எச்எம்டி கடிகாரத்தை வாங்கி இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார். முப்பது வருஷத்தில் அந்த முள்ளை என்னைத் தவிர வேறொருவர் திருகியது இதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள், ஞாயிறு. சிங்கப்பூர்

காலை ஆறரைக்கு எழுந்தேன், கும்மிருட்டு. ஏழு மணியாகிறது சூரியன் வர. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊரில் ஆறு மணிக்கு விடிய வேண்டாமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். சிங்கப்பூர் கிடக்கும் தீர்க்கரேகைக்குக் கிரீன்விச்சை விட ஏழு மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்க அரை மணி தள்ளி வைத்தது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதிலிருந்து எட்டு மணி நேரம். ஊர் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து வேலைக்குப் போகிறது, சூரியன் பின்னால் வருகிறது.

மத்தியானம் தேக்கா சந்தைக்குப் போய்வந்தோம். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் தொங்குகின்றன. அக்கா மல்லிகை வாங்கினாள், விலை கேட்டதும் திருச்சி காந்தி மார்க்கெட் விலையோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் பயணக் கட்டுரை பூக்கடைக் கட்டுரையாகிவிடும்.

சாயந்திரம் நடந்ததுதான் இன்றைய விஷயம். பேத்தி நாலாம் வகுப்பு. அவள் மேசையில் ஒரு பூமி உருண்டை இருக்கிறது. "தாத்தா எந்த வழியாப் போவீங்க?" என்று கேட்டாள். அக்கா பூத்தொடுத்த நூலில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. ஒரு நுனியைச் சிங்கப்பூரில் வைத்து விரலால் அழுத்தச் சொன்னேன். மறு நுனியை நான் நுவார்க்கில் பிடித்தேன். பேத்தி முதலில் நூலை நேர் கிழக்காகப் பசிபிக் மேல் போட்டாள். வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடம் அவள் மனதில் இருந்திருக்கும்.

"இழு" என்றேன்.

இழுக்க இழுக்க நூல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. ஜப்பானைத் தாண்டியது, சைபீரியாவில் ஏறியது, முழுக்க விறைத்தபோது உருண்டையின் உச்சியில் அச்சாணிக்குப் போட்டிருந்த திருகில் போய்ச் சிக்கிக்கொண்டது. பேத்திக்கு ஒரே குதியாட்டம். "தாத்தா, நார்த் போல்!"

எனக்கும்தான். இது எல்லா ஊருக்கும் வராது. சிங்கப்பூர் இருப்பது கிழக்கு 104 டிகிரி. அதற்கு நேர் பின்பக்கம் மேற்கு 76. நுவார்க் இருப்பது மேற்கு 74. அதாவது இந்த இரண்டு ஊரும் பூமியின் முதுகும் வயிறுமாக, ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்கின்றன. அதனால்தான் குறுக்கு வழி துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. இப்படி அமைந்துவிட்டால் தூரத்தைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம், பால் கணக்கு எழுதும் தாள் போதும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி, துருவத்திலிருந்து நுவார்க்குக்கு 49.31. கூட்டினால் 137.95. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், ஆக 8,277. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 15,329.

இணையத்தில் போட்டிருப்பது 15,344. பதினைந்து கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று மாப்பிள்ளை மடக்கினார். பூமி துருவப் பக்கம் கொஞ்சம் தட்டை. அங்கே ஒரு டிகிரி நம் பக்கத்து டிகிரியை விட ஒரு கிலோமீட்டர் நீளம். அதுதான். பூத்தொடுத்த நூலையும் அளந்து பார்த்தோம்: 36 செ.மீ. உருண்டையின் சுற்றளவு 94. பூமியின் சுற்றளவான நாற்பதாயிரம் கிலோமீட்டரை 94-ஆல் வகுத்து 36-ஆல் பெருக்கினால் 15,319. நூலும் தாளும் பத்துக் கிலோமீட்டருக்குள் ஒத்துப்போகின்றன!

திருச்சியிலிருந்து சென்னை, கார்டு லைன் என்ற குறுக்கு ரயில் பாதையில், 337 கி.மீ. நாற்பத்தைந்து தடவை போனால் வருகிற தூரம். அக்கா அதைக் கேட்டதும் முழங்காலைத் தடவிக்கொண்டாள். அப்புறம் அவள் கேட்டதுதான் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

"திங்கள் ராத்திரி ஏறுறோம், செவ்வாய் காலைல இறங்குறோம். நடுவுல பதினெட்டு மணி நேரம்னு சொல்றே. என் செவ்வாய் ஒருபொழுது எப்போடா?"

மூன்றாம் நாள், திங்கள் இரவு. சாங்கியிலும் அதற்கு மேலேயும்

அக்கா முருகனுக்குச் செவ்வாய்தோறும் ஒருபொழுது இருக்கிறவள். பகல் பூராவும் பால், பழம். விளக்கு வைத்த பிறகு ஒரு வேளைச் சாப்பாடு. முப்பது வருஷத்துப் பழக்கம்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் இரவு 11.35, போய்ச் சேரும் நேரம் காலை 6.00. பார்க்கிறவர்கள் ஆறரை மணி நேரம் என்பார்கள். நுவார்க் இப்போது சிங்கப்பூருக்குப் பன்னிரண்டு மணி பின்னால் இருக்கிறது, ஆக 18 மணி 25 நிமிஷம். நவம்பரில் அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் வித்தியாசம் பதின்மூன்று மணியாகிவிடும்.

கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மாப்பிள்ளை அனுப்பியதைப் படித்தேன். இந்தத் தடத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் தொடங்கியது. அப்போது ஏர்பஸ் ஏ340-500, நாலு இன்ஜின். எண்ணெய் விலை ஏறியதில் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2018 அக்டோபர் 11 அன்று இரண்டே இன்ஜின் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) வந்து மறுபடி ஓட ஆரம்பித்தது. சாதாரண வகுப்பே கிடையாது. மொத்தம் 161 இருக்கை, பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. ஆள் குறைவு, ஏனென்றால் சுமப்பது எண்ணெய். 1,65,000 லிட்டர் கொள்ளும். முழுக்க நிரப்பினால் 130 டன்னுக்கு மேல். விமானம் எழும்பக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். பாதி எடை எண்ணெய் என்றால், அந்த எண்ணெயைத் தூக்கவே எண்ணெய் எரிய வேண்டும். பொன்மலையில் நீராவி இன்ஜின் பார்த்த கண்ணுக்கு இது புதுசில்லை. நிலக்கரியையும் தண்ணீரையும் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டுதானே அதுவும் ஓடியது. ஆனால் அதற்கு விழுப்புரத்தில் தண்ணீர் பிடிக்கலாம். இதற்கு நடுவில் விழுப்புரம் கிடையாது.

இனி வருவது விமானத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது. எல்லாம் சிங்கப்பூர் நேரம், எச்எம்டி நேரம்.

11.38. கேட்டை விட்டது. 11.59. சக்கரம் தரையை விட்டது. இருபத்தொரு நிமிஷம் உருண்டதுதான், ரயிலாக இருந்தால் ஸ்ரீரங்கத்தைத் தாண்டியிருக்கும். வண்டி கனமாக இருப்பதால் எழும்பவும் நேரம் எடுத்தது. திரையில் 31,000 அடியில் நிறுத்திக்கொண்டார்கள். எண்ணெய் எரிந்து இளைத்த பிறகுதான் படிப்படியாக மேலே போவார்களாம்.

1.10. சாப்பாடு. முன்கூட்டியே சொல்லி வைத்த சைவம். நள்ளிரவு தாண்டிவிட்டது, ஆகவே செவ்வாய். அக்கா தட்டைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. "சூரியன் உதிச்சாத்தான் கிழமை மாறும். ராத்திரி பன்னெண்டுக்கு மாறுறது வெள்ளைக்காரன் கிழமை" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைப் பிசைந்தாள். பஞ்சாங்கக் கணக்கும் அதுதான்.

4.00. நேற்றைய நூல் எங்கே, திரையில் போகிற கோடு எங்கே! நாங்கள் துருவத்தை நோக்கிப் போகவில்லை. வடகிழக்காகத் தைவான் பக்கம் ஏறி, ஜப்பானுக்குக் கிழக்கே கடல் மேல் போகிறோம். காரணம் காற்று. இந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. மணிக்கு நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் வேகத்தில். அதில் ஏறிக்கொண்டால், தூரம் கூடினாலும் நேரம் குறையும். திருச்சிக்காரனுக்குப் புரியும்படி சொன்னால், ஆடிக் காவிரியில் பரிசல் விடுகிறவன் நேர்க்கோட்டையா பார்ப்பான்?

5.10. சன்னல் மறைப்பை அக்கா நாலு விரல் கடை தூக்கினாள். விமானம் முழுக்க இருட்டு, எல்லோரும் தூக்கம். கீழே மேகம் சாம்பல் நிறத்தில், அதன் விளிம்பில் செம்பருத்தி இதழ் மடிந்தது போல ஒரு கோடு. அது தடிக்கத் தடிக்க இறக்கையின் நுனி முதலில் சிவந்தது, பிறகு இன்ஜின் வளையம், பிறகு அக்காவின் மூக்குத்தி. கைகூப்பினாள். "செவ்வாய் ஆரம்பிச்சாச்சு. நேரத்தை எழுதிக்கோ." எழுதிக்கொண்டேன்.

7.40. தரைவேகம் 1,048 என்று திரை சொல்கிறது. காற்றில் இதன் சொந்த வேகம் 900 சொச்சம். மீதி ஆற்றின் உபயம். உயரம் 35,000 அடி. வெளியே மைனஸ் 54. டாக்டர் சொன்னபடி நான் மணிக்கொரு தடவை எழுந்து கழிப்பறை வரை போய்வருகிறேன். அக்கா கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

9.15. சம்பவம் நடந்துவிட்டது. தேதிக் கோட்டைத் தாண்டினோம். ஒரு குலுக்கலும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அலூஷியன் தீவுகளுக்குப் பக்கத்தில் எங்கோ, திரையில் விமானப் பொம்மை ஒரு கோட்டைக் கடந்தது. அந்த இடத்துக் கணக்கில் செவ்வாய் மத்தியானமாக இருந்தது திங்கள் மத்தியானமாகிவிட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் காலைலேர்ந்து பட்டினி கிடந்தது?"

"அது செவ்வாய்தான். இப்ப திங்கள்."

"சூரியன் அஸ்தமிக்காம எப்படிடா திங்களாவும்?"

இதற்கு ரயில்வே மேனுவலில் பதில் இல்லை. கிழக்கே போகிறவன் ஒவ்வொரு ஊரிலும் கடிகாரத்தை முன்னே தள்ளிக்கொண்டே போகிறான். ஒரு சுற்று முடித்தால் ஒரு நாள் கூடுதலாகிவிடும். அந்தக் கடனை எங்காவது ஓரிடத்தில் கழிக்க வேண்டும், ஊர் இல்லாத இடமாகப் பார்த்துக் கடல் நடுவில் கோடு போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். அக்கா கேட்டுவிட்டு, "கோடு போட்டது யாரு, முருகனா?" என்றாள். பாலும் வாழைப்பழமும் மட்டும் வாங்கிக்கொண்டாள். உதித்த சூரியன் விழும் வரை அவளுக்குச் செவ்வாய்.

11.45. விழுந்தது. அலாஸ்காவைத் தாண்டி, பின்பக்கம். நாங்கள் சூரியனுக்கு எதிரே ஓடியதால் காலையும் மாலையும் நெருங்கி வந்துவிட்டன. உதயம் 5.10, அஸ்தமனம் 11.45. ஒரு முழுப் பகலை ஆறரை மணி நேரத்தில் பார்த்து முடித்தோம். அக்கா பொத்தானை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது நல்லதாயிற்று. "அம்மா, உங்க சாப்பாட்டை எடுத்து வச்சிருக்கேன்" என்று சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். ஒருபொழுது முடிந்தது.

2.30. கனடாவின் இருட்டுக்கு மேல். இந்த ஊர்க் கணக்கில் நள்ளிரவு. மறுபடி செவ்வாய் பிறக்கிறது. 39,000 அடி. எண்ணெய் குறைந்து விமானம் இளைத்துவிட்டது. நான்கு பைலட்டுகள் முறை வைத்து ஓட்டுகிறார்கள். லோகோ ஷெட்டில் ஆள் மாற்றுகிற மாதிரிதான், இங்கே ஷெட்டும் கூடவே பறக்கிறது. அக்கா தூங்குகிறாள். எனக்கு இடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை.

நான்காம் நாள், செவ்வாய். நுவார்க் – எடிசன்

5.31-க்குச் சக்கரம் தரையைத் தொட்டது. 5.44-க்குக் கேட்டில் நின்றது. பறந்தது 17 மணி 32 நிமிஷம், கேட்டுக்குக் கேட் 18 மணி 6 நிமிஷம். டிக்கெட்டை விடப் பத்தொன்பது நிமிஷம் மிச்சம். மணிக்கு மணி குறித்த வேகத்தைச் சராசரி போட்டால் 930 வருகிறது. ஆக நாங்கள் பறந்த பாதை 16,300 கி.மீ.யை ஒட்டி. நூல் காட்டியதை விட ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல், அத்தனையும் காற்றுக்காகச் சுற்றியது. திரும்பும்போதும் பல நாள் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக் வழியாகப் போவார்களாம். அப்படி அமைந்தால் போக வர உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பேன்.

குடிநுழைவு வரிசையில் சக்கர நாற்காலி புண்ணியத்தில் சீக்கிரம் வெளியே வந்துவிட்டோம். மகன் பூவோடு நின்றான். கடிகாரத்தை மாற்றலாம் என்று கழற்றினேன். சுவரில் 6.50, என் மணிக்கட்டிலும் 6.50. பன்னிரண்டு மணி வித்தியாசத்தில் முள்ளுக்குப் பகலும் தெரியாது, ராத்திரியும் தெரியாது. மாப்பிள்ளை வைத்த நேரம் அப்படியே ஓடுகிறது.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஏறியபோது வலப்பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளெல்லாம் மங்கலாகத் தெரிந்தன. மகன், "அத்தை, வீட்டுல இட்லி ரெடி, அம்மா நாலு மணிக்கே எழுந்து ஊத்தியாச்சு" என்றான். இடப்பக்கம் தாழ்வாக, ஆரஞ்சு நிறத்தில் சூரியன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய் அத்தை."

யாரும் பேசவில்லை. எனக்குச் சொல்லப் பதிலும் இல்லை.

வீட்டில் மனைவி தட்டு வைத்தாள். வாசலில் செருப்பு விடும்போதே சாம்பார் வாசம். பேரனை மடியில் வாங்கிக் கொஞ்சி முடித்துவிட்டு அக்கா திருநீறு பூசிக்கொண்டாள். "எனக்குப் பால் மட்டும் குடு" என்றாள்.

"அண்ணி, விமானத்துலயே விரதம் முடிச்சுட்டீங்கன்னு இவர் சொன்னாரே?"

"அது ஆறரை மணி நேரச் செவ்வாய். மிச்சம் அஞ்சரை மணி நேரம் பாக்கி இருக்கு." என்னைப் பார்த்தாள். "ஏழு மணிக்கு உதிச்சுது. எப்ப ஆவுது?"

"பன்னிரண்டரை."

"அப்ப எழுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் ஆறு இட்லி தின்றுவிட்டு சோபாவில் சாய்ந்தேன். கண் விழித்தபோது எச்எம்டியில் மணி மூன்றேகால். சமையலறையில் அக்காவின் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.